எழுத்துச் சரமும் அதன் இரு எண்ணிக்கைகளும்



தொடுத்த பூவை நாம் சரம் என்கிறோம். நம் நாட்டுப் பாடநூல்கள் இந்த அழகிய சொல்லைக் கணினித் துறைக்கும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நிற்கும் தொடர் எதுவோ, அதுவே கணினியிற் சரம் எனப்படும். ஒரு பிள்ளையின் பெயரும் சரம். பாலையூற்று என்னும் ஊர்ப்பெயரும் சரம். ஆயிரம் பக்க நூலொன்றைக் கணினியில் ஏற்றினால் அதுவும் ஒரு சரமே. கணினிக்குக் கட்டளை எழுதுவதற்கென வகுக்கப்பட்ட மொழிகளைச் செய்நிரல் மொழிகள் என்பர். அத்தகைய மொழி ஒன்றைப் புதிதாக ஆக்குவோர் முதலிற் செய்யவேண்டிய முடிவுகளுள் ஒன்று, தம் மொழியிற் சரம் எவ்வாறு அமையவேண்டும் என்பதாகும். இன்றைய பேச்சு அந்த முடிவைப் பற்றியது.

கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை அதிபராக இருக்கும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் வினவலாம். நம் உயர்தர வகுப்பு மாணவர் பைதன் என்னும் செய்நிரல் மொழியைக் கற்கின்றனர். திருகோணமலை என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று அம்மொழியைக் கேட்டால், பத்து என்று அது விடை சொல்கிறது. கீழ்வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஆறு என்று எழுதிய பிள்ளைக்கு நாம் புள்ளி வழங்குகிறோம். அடுத்தடுத்த இரு வகுப்பறைகளில் ஒரே வினாவுக்கு இரு வேறு விடைகள் சரியாக இருத்தல் கூடுமோ? இதனை ஆராயப் புகுந்தால், சரத்தினுள்ளே ஓர் எண்ணிக்கையன்று, இரண்டு எண்ணிக்கைகள் இருப்பது தெரியவரும். சரத்தில் எத்தனை எழுத்து என்பது ஒன்று. அந்தச் சரத்தை எத்தனை பேர் பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்பது மற்றொன்று. பின்னதை முன்னர்ச் சொல்லுகிறேன். முன்னதற்குரிய தீர்வு பின்னதனுள் மறைந்து கிடக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு செய்நிரலில் 'ஊர்' என்று ஒரு பெயரை வைத்து, அதற்குத் திருகோணமலை என்ற சரத்தைக் கொடுக்கிறோம். பின்பு 'பிறந்த இடம்' என்ற வேறொரு பெயருக்கும் அதே சரத்தைக் கொடுக்கிறோம். கணினி யாது செய்ய வேண்டும்? எழுத்துக்களை இன்னொரு முறை படியெடுத்து வைப்பது ஒரு வழி. ஊர்ப்பெயர் சிறியது, படியெடுத்தாற் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரம் பக்க நூலொன்று செய்நிரலின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் கைமாறும் ஒவ்வொரு தடவையும் முழுமையாகப் படியெடுக்கப்படுமாயின், கணினி வேறு வேலை பார்த்தல் அரிது.

மற்றைய வழி சுட்டுவது. நம் இலக்கணத்தில் அ, இ, உ என்பன சுட்டெழுத்துக்கள். 'அவ்வூர்' என்று பத்துப் பேர் சொல்வதனால் ஊர் பத்தாகிவிடுவதில்லை. ஊர் ஒன்றே, சுட்டுக்களே பத்து. கணினியிலும் சரம் ஓரிடத்தில் இருக்க, பெயர்கள் பலவும் அவ்விடத்தைச் சுட்டி நிற்கலாம். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆயினும் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. நினைவகம் அளவுடையது. வேண்டாத சரத்தை அகற்றி அவ்விடத்தை மீட்டாக வேண்டும். பலர் சுட்டும் பொருளை யார் அகற்றுவது, எப்போது அகற்றுவது?

பாடசாலை மண்டபத்தை இரவிற் பலரும் பயன்படுத்தும் நாட்களில், கடைசியாக வெளியேறுபவரே விளக்கை அணைத்துக் கதவைப் பூட்ட வேண்டும் என்று ஒரு விதி வைப்பதுண்டு. விதி நல்லதுதான். ஆனால் தாமே கடைசியானவர் என்று ஒருவர் அறிவது எங்ஙனம்? மண்டபம் பெரிது, திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கக்கூடும். எனவே கதவிலே ஒரு சிலேற்றைத் தொங்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்புகுவோர் அதிலுள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும். வெளியேறுவோர் ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். குறைத்து எழுதியபோது பூச்சியம் வந்தால், அவரே கடைசியானவர். அவரே விளக்கை அணைக்கக் கடமைப்பட்டவர். மண்டபம் முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சரத்தின் தலையிலும் இத்தகைய சிலேற்று ஒன்றை வைப்பதே சுட்டெண்ணிக்கை முறையாகும். புதிதாக ஒரு பெயர் சரத்தைச் சுட்டும்போது ஒன்று கூடும்; சுட்டுதல் நீங்கும்போது ஒன்று குறையும்; பூச்சியமானதும் சரத்தின் இடம் மீட்கப்படும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜோர்ஜ் கொலின்ஸ் இம்முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையில் வெளியிட்டார். அதே ஆண்டில், அதே ஆய்விதழில், ஜோன் மக்கார்தி தம் லிஸ்ப் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையில் வேறொரு முறையைக் கூறினார். மக்கார்தியின் முறையிற் சிலேற்று இல்லை. இடம் தீர்ந்துபோகும் வேளையில் வேலையை நிறுத்திவிட்டு, எவையெவை இன்னும் சுட்டப்படுகின்றன என்று தேடிக் குறியிட்டு, குறியில்லாதவற்றை எல்லாம் ஒரேயடியாகக் கூட்டித் தள்ளுவது அது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு முறைகளும் பங்காளிகளைப் போல வழக்காடி வருகின்றன.

சுட்டெண்ணிக்கைக்கு ஒரு பெருங்குறை உண்டு என்பது 1960களிலேயே அறியப்பட்டது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால், வெளியுலகில் அவற்றை எவரும் நாடாதபோதும் அவற்றின் எண்ணிக்கை பூச்சியத்துக்கு இறங்காது. 'நீ போனால் நான் போவேன்' என்று இருவர் மண்டபத்தினுள்ளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதை ஒக்கும். ஆனால் எழுத்துச் சரத்துக்கு இக்குறை பொருந்தாது. சரத்தினுள்ளே இருப்பன எழுத்துக்கள் மட்டுமே. அது பிறிதொன்றைச் சுட்டுவதில்லை. ஆதலால் வளையமும் உண்டாவதில்லை. மற்றப் பொருள்களுக்கு எப்படியோ, சரத்துக்குச் சிலேற்று முறையைப்போலப் பொருத்தமானது வேறில்லை என்பேன். 1996இல் வெளிவந்த டெல்பி மொழியின் இரண்டாம் பதிப்பு தன் சரங்களை இவ்வாறே அமைத்தது. பைதன் மொழியின் பெருவழக்கான வடிவம் இன்றும் இதனையே கையாளுகின்றது. அப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட சுவிப்ட் மொழியும் அவ்வழியே செல்கின்றது.

சிலேற்றில் எழுதுவதிலே பிழை நேர்ந்தால் விளைவு யாது என்பதையும் பார்த்துவிடுவோம். வெளியேறும் ஒருவர் குறைக்க மறந்தால் விளக்கு விடியும்வரை எரியும், இடம் வீணாகும், அவ்வளவே. உட்புகும் ஒருவர் கூட்ட மறந்தாலோ நிலைமை விபரீதமாகும். அவர் உள்ளே இருக்கும்போதே கதவு பூட்டப்பட்டு விளக்கு அணைந்துவிடும். கணினியில் இதன் பொருள், ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் சரத்தின் இடத்தில் வேறெவருடைய எழுத்தோ வந்து அமர்ந்துவிடுதல் ஆகும். ஆகையால் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்நிரல் எழுதும் மனிதரிடம் விடாது, மொழியே செய்துகொள்ளுதல் வேண்டும். மனிதரின் ஞாபகத்தை நம்பி வைத்த சிலேற்றுக்களின் கதி பாடசாலை நடத்தும் எவருக்கும் தெரியும்.

சிலேற்றின் அகலமும் கவனிக்கத்தக்கது. முப்பத்திரண்டு இருமக் குறிகளில் எழுதப்படும் எண்ணுக்கு 4,294,967,295 என்பதே மேல் எல்லை. அதற்கு மேலும் ஒன்று கூட்டினால் எண் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். இது வெறும் கற்பனையன்று. லினக்ஸ் இயங்கு முறையில் இவ்வாறு எண்ணிக்கையைச் சுற்றவைத்துத் தீங்கு செய்ய இடமளிக்கும் குறையொன்று 2016இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே அதில் எல்லையைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும் எண்ணி சேர்க்கப்பட்டது. எண்ணிக்கை தவறினால் பூட்டாமல் இருப்பதே மேல் என்பது அதன் கருத்து. சிறந்த முடிவு.

நிற்க. பலர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும்போது அவருள் ஒருவர் அதை மாற்ற விரும்பினால் என் செய்வது? 'ஊர்' என்ற பெயரின் சரத்திலே ஓரெழுத்தை அழித்தால், 'பிறந்த இடம்' என்ற பெயரின் சரத்திலும் அவ்வெழுத்து அழிந்துவிடுமே. ஒருவர் வீடு மாறியதனால் அவர் பிறந்த இடமும் மாறிற்று என்று இடாப்பில் எழுதுவதுபோல் ஆகும் இது. இதற்கு இரு விடைகள் உள. சரத்தை ஒருபோதும் மாற்றவே இயலாது, மாற்றம் வேண்டுமானால் புதுச்சரம் செய்துகொள் என்பது பைதனின் விடை. சிலேற்றைப் பார், எண்ணிக்கை ஒன்றாயின் நீயே தனியுரிமையாளன், இருந்த இடத்திலேயே மாற்றலாம், ஒன்றுக்கு மேலாயின் உனக்கென ஒரு படி எடுத்து அதை மாற்று என்பது சுவிப்டின் விடை. எப்போது அகற்றுவது என்று அறிய வைத்த சிலேற்று, எப்போது மாற்றலாம் என்றும் சொல்வதைக் காண்க. ஒரு வேலைக்கு வைத்த ஆள் இரண்டு வேலை செய்கிறான். பைதனிலும் கூட, சரத்தின் வாலில் இன்னொரு சரத்தைச் சேர்க்கும்போது, எண்ணிக்கை ஒன்றாயின் அது ஓசைப்படாமல் இருந்த இடத்திலேயே நீட்டிக்கொள்கிறது.

இந்த இரண்டாம் விடை எல்லாரிடமும் வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீ பிளஸ் பிளஸ் மொழியின் தொகுப்பிகளுட் சில, மாற்றும்போது படியெடுக்கும் பகிர்வுச் சரங்களை நெடுங்காலம் வைத்திருந்தன. 2011இல் வெளிவந்த அம்மொழியின் தரவிதிகள் அவ்வமைப்புக்கு இடமில்லாமற் செய்தன. அதற்கிணங்க, ஜீ.என்.யூ. தொகுப்பி 2015இல் வந்த தன் ஐந்தாம் பதிப்பிற் பகிர்வைக் கைவிட்டது. சரத்தின் ஓரெழுத்தை நேரே தொட்டு மாற்றும் உரிமையை அம்மொழி தாராளமாக வழங்கியிருந்தமை ஒரு காரணம். பகிர்தலும் கட்டற்ற உரிமையும் ஓரிடத்தில் வாழா என்பதை ஆக்கியோர் பிந்தி உணர்ந்தனர்.

மற்றொரு காரணம், மண்டபத்துக்கு இரண்டு கதவுகள் இருப்பது. இன்றைய கணினியில் ஒரே வேளையிற் பல வேலையாட்கள் இயங்குகின்றனர். சிலேற்றில் மூன்று என்று இருக்கும்போது இருவர் ஒரே கணத்தில் அதைப் பார்த்து, இருவரும் தனித்தனியே மூன்றோடு ஒன்று நான்கு என்று எழுதிவிட்டால், உள்ளே இருப்பவர் ஐவர், எழுதியிருப்பதோ நான்கு. ஐந்தாமவர் இருளில் அகப்படுவார். இதைத் தடுக்கப் பார்த்தலையும் கூட்டி எழுதலையும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாகச் செய்யும் ஏற்பாடு கணினியில் உண்டு; ஆனால் சாதாரணக் கூட்டலைவிட அதற்கு நேரம் அதிகம். ரஸ்ட் மொழியார் இரண்டு வகைச் சிலேற்றுக்களைத் தந்து, தனி வேலையாளுக்கு ஒன்று, பலருக்கு மற்றொன்று என்று பிரித்துவிட்டனர். பைதன் மொழியார் ஒரு வேளையில் ஒருவரே இயங்கலாம் என்று பெரும்பூட்டு ஒன்றைப் போட்டு வைத்தனர். அப்பூட்டு இல்லாத வடிவத்தை 2024இல், 3.13ஆம் பதிப்போடு, பரீட்சார்த்தமாகவே வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டின் பதிப்பிற் சில பொருள்களை எண்ணுவதே வேண்டாம் என்று விலக்கியிருந்தனர். நூலகத்திலே இரவல் கொடுக்கப்படாத உசாத்துணை நூல்களுக்கு இரவல் அட்டை எதற்கு?

இனி, சரத்தை வெட்டுவதைப் பார்ப்போம். ஆயிரம் பக்க நூலிலிருந்து ஒரு சொல்லை மட்டும் எடுக்க விரும்புகிறோம். அச்சொல்லைப் படியெடுக்கலாம், அல்லது நூலின் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை என்று சுட்டி வைத்துக்கொள்ளலாம். சுட்டினால் வேகம். ஆனால் அந்த ஒரு சொல்லை எவரேனும் வைத்திருக்கும்வரை ஆயிரம் பக்கமும் நினைவகத்திற் கிடக்கும். ஒரு காம்புக்காக மரத்தையே வெட்டாமல் வைத்திருப்பது போன்றது. ஜாவா மொழி நெடுநாள் இவ்வாறு சுட்டியே வந்து, 2012இல் வந்த திருத்தப் பதிப்பொன்றில் படியெடுக்கும் வழக்கத்துக்கு மாறியது. சுவிப்ட் மொழியார் இதில் நுட்பமாக நடந்தனர். வெட்டிய துண்டுக்குத் தனி வகைப் பெயர் கொடுத்தனர். துண்டு சுட்டி நிற்கும். அதை நெடுநாள் வைத்திருக்க விரும்புபவர், இது துண்டு என்பதை அறிந்து, தாமே முழுச்சரமாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பெயர் வேறாக இருந்தால் மறதி குறையும்.

வெட்டுதல் என்று வந்தபின், எங்கே வெட்டுவது என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. தமிழுக்கு உயிர்நாடியான இடம் இதுவே.

உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோட் என்னும் ஒருங்குறி 1991இல் முதற்பதிப்பாக வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. அதில் நமக்கு 2944ஆம் எண் முதலாக 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ககரத்துக்கு 2965, தகரத்துக்கு 2980, மகரத்துக்கு 2990 என்றவாறு அகரமேறிய மெய்களுக்கு எண்கள் உண்டு. ஆனால் 'மி' என்பதற்குத் தனியெண் இல்லை. மகரத்தின் எண்ணும், அதையடுத்து இகர விசிறியின் எண்ணாகிய 3007உம் சேர்ந்து அதனை ஆக்கும். புள்ளிக்கு எண் 3021. ஆகவே 'தமிழ்' என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து. ஒருங்குறிக் கணக்கில் ஐந்து எண்கள். சேமிப்பிலும் செய்திப் பரிமாற்றத்திலும் பெருவழக்கான யூ.ரீ.எப். எட்டு என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைற்று தேவைப்படும். எனவே பதினைந்து பைற்று. திருகோணமலை ஆறெழுத்து, பத்துக் குறியெண்கள், முப்பது பைற்று. அவ்வூரின் ஆங்கிலப் பெயரோ பதினோரெழுத்து, பதினொரு குறியெண்கள், பதினொரு பைற்று. ஆங்கிலேயனுக்கு மூன்று கணக்கும் ஒன்றாகவே இருந்தமையால், எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு நெடுங்காலம் ஏற்படவில்லை.

பைதன் எண்ணுவது குறியெண்களை. அதனாலே பத்து என்கிறது. அம்மொழியிற் 'திருகோணமலை' என்ற சரத்தின் முதல் ஐந்தைத் தா என்று கேட்டால் 'திருக' என்று வெட்டித் தரும். கோவின் ஓகாரக் குறி அடுத்த துண்டின் தலையில் அனாதையாக நிற்கும். பைற்றுக் கணக்கில் வெட்டும் மொழிகளிலோ ஒரு குறியெண்ணே பிளந்துபோய், கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். பன்னிரண்டு இடங்கொண்ட பெயர்க்கட்டத்திலே சிவகாமசுந்தரி என்ற பிள்ளையை இட்டுப் பாருங்கள். அவள் எட்டெழுத்துக்காரி, நாலு இடம் மிஞ்ச வேண்டும். ஆனால் குறியெண்கள் பதின்மூன்று ஆதலால், கடைசி இகரம் வெட்டுண்டு 'சிவகாமசுந்தர' என்று பட்டியலில் வருவாள். பட்டியலின்படியே பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்தும் ஓர் அலுவலகம் வாய்த்துவிட்டால், அந்தப் பிள்ளையின் சான்றிதழ்களுக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் இடையே வாழ்நாள் முழுவதும் ஓர் இகரம் தகராறு செய்துகொண்டிருக்கும்.

விகடகவி என்ற சொல்லை முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றே என்பது சிறுவர்க்கும் தெரிந்த விளையாட்டு. ஒரு சொல் அத்தகையதா என்று சோதிக்கும் செய்நிரலை எழுதுவது மாணவர்க்கு வழக்கமான பயிற்சி. பைதனிற் பாடநூல் வழியே அதை எழுதி விகடகவியைக் கொடுத்தால், அன்று என்று விடை வரும். ஏனெனில் அது திருப்புவது ஏழு குறியெண்களை. திருப்பியதும் இகர விசிறி வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. தேவாரத்தின் மூன்றாம் திருமுறையிலே, திருக்கோணமலையைப் பாடிய பதிகம் இருக்கும் அதே திருமுறையிலே, ஞானசம்பந்தர் மாலைமாற்று என்ற பதிகத்தையும் பாடியிருக்கிறார். மாலையைத் திருப்பிப் பிடித்தாலும் அதே மாலை என்பது அப்பெயரின் கருத்து. சரத்தைத் திருப்புவது எப்படி என்பதைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். அவர் கோத்த பூ எழுத்து. காம்பையும் இதழையும் பிய்த்துத் தனித்தனியே கோத்தாரல்லர்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றையே சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமம் என்றே ஒருங்குறியும் விதித்திருக்கிறது. ஆனால் பைதனிடம் இவ்விரண்டும் ஒன்றா என்று கேட்டால் அன்று என்னும்; முன்கூட்டியே ஒரு சீராக்கிக் கொடுத்தாலன்றி ஒப்புக்கொள்ளாது. இடாப்பிலே பெயர் இருந்தும் தேடினால் அகப்படாத பிள்ளைகள் உண்டாவது இவ்வழியால். சுவிப்டோ குறியெண்களின் கூட்டத்தையே ஓரெழுத்தாகக் கொள்ளும். இவ்விரு கோவையும் சமம் என்னும். திருகோணமலைக்கு ஆறு என்னும். விகடகவியைச் சரியாகத் திருப்பும். எண்ணும் வகையை மாற்றினால் எல்லாம் மாறுகிறது.

குறை ஒருங்குறியினுடையது என்று சொல்வாருளர். தமிழின் ஒவ்வோரெழுத்துக்கும் தனியெண் வழங்கும் டேஸ் பதினாறு என்ற முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் உலகின் கைபேசிகளும் கணினிகளும் யாவும் ஒருங்குறியில் இயங்கிவரும் இக்காலத்தில் அத்திசையிற் செல்வது பயன்தராது. மேலும், உயிர்மெய்யை மெய்யும் உயிரும் கூடியதாகக் காண்பது நம் இலக்கணத்துக்கு அந்நியமன்று. மெய்க்குப் புள்ளியிடும் வழக்கைத் தொல்காப்பியமே பேசுகிறது. சேமிக்கும் முறை எதுவாயினும் இருக்கட்டும். சரம் என்ற வகையை ஆக்குவோர் வெளியே எதைக் காட்டுகின்றனர் என்பதே கேள்வி.

தமிழிலேயே செய்நிரல் எழுதும் மொழிகள் தோன்றியிருக்கின்றன. முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய 'எழில்' அவற்றுள் நன்கறியப்பட்டது. 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழ்ச் சொற்களாலே கட்டளை எழுத அதில் இயலும். இளம் மாணவர்க்கு அது பெரும் உதவி. ஆயினும் எழில் பைதனின் மேல் எழுப்பப்பட்ட மாடம். அதன் சரம் பைதனின் சரமே. கட்டளைச் சொல் தமிழாகியும், அடியிலே எண்ணும் வழக்கம் அயலார் வழக்கமாகவே நிற்கிறது. இதை உணர்ந்தே அவ்வாசிரியரும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்ற துணைத் தொகுப்பை ஆக்கி, ஒரு சரத்தைத் தமிழெழுத்துக்களாகப் பிரித்துத் தரும் செயற்பாட்டை அதில் வைத்திருக்கின்றனர். பைதன் கற்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அதை அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் கேட்குந்தோறும் அது சரம் முழுவதையும் முதலிலிருந்து பிரித்தாக வேண்டும். நெடிய நூலானால் அது சிறு வேலையன்று. வேகம் குறையும் என்று அஞ்சியே பல மொழியாளர் குறியெண்ணோடு நின்றுவிட்டனர்.

சிலேற்று இங்கேதான் மீண்டும் பயன்படுகிறது. மாறாத சரமொன்றைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். அதன் தலைப்பகுதியிலே, எத்தனை பேர் என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலே எத்தனை எழுத்து என்பதையும் எழுதி வைத்தால் என்ன? முதலிற் கேட்பவருக்காக ஒரு முறை எண்ணினாற் போதும். சரம் மாறாது ஆதலால் விடையும் மாறாது. அதைச் சுட்டும் ஆயிரம் பெயர்களுக்கும் அந்த ஓர் எண்ணிக்கையே உதவும். இரு வேலையாட்கள் ஒரே கணத்தில் எண்ணி எழுதினாலும் கேடில்லை. இருவரும் எழுதுவது ஒரே எண்ணைத்தான். நெடிய சரத்துக்கு, அறுபத்துநாலு எழுத்துக்கு ஒருமுறை மைற்கல் நாட்டுவதுபோல, இன்ன எழுத்து இன்ன பைற்றில் தொடங்குகிறது என்று குறித்து வைத்தால், ஐயாயிரத்தாவது எழுத்தைத் தேடி முதலிலிருந்து நடக்க வேண்டியதில்லை. இது செய்யக்கூடாத காரியமும் அன்று. பைதன் சரத்தின் தலைப்பகுதியில், அகராதியில் விரைந்து தேட உதவும் ஒரு கணிப்பெண் இவ்வாறே ஒருமுறை கணித்து வைக்கப்படுகிறது. திருகோணமலை என்ற சரத்துக்குப் பைதன் உள்ளே இருபது பைற்றே செலவிடுகிறது. அதன் தலைப்பகுதி அதனிலும் பெரிது. அவ்வளவு பெரிய தலையில் இன்னும் நாலு பைற்றுக்கு இடம் கேட்பது பேராசையாகாது.

ஆகவே, புதிய மொழியொன்றை ஆக்கும் தமிழ் இளைஞர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு நான் சொல்வது இது: சரத்தை மாற்றவொண்ணாததாக வையுங்கள், சிலேற்றுக் கட்டிப் பகிருங்கள், பைற்றுக்களை உள்ளே மறைத்து வையுங்கள், எழுத்தின் எல்லையிலன்றி வேறெங்கும் வெட்ட இடங்கொடாதீர்கள். குறியெண் வேண்டுவோர் தனியே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கட்டும். நீளம் என்று வெறுமனே கேட்டால், தமிழ்ப் பிள்ளை விரலை மடக்கி எண்ணும் எண்ணே விடையாக வர வேண்டும்.

நம் உயர்தர மாணவர் சிலர் இந்த எண்ணத்தைப் பைதனிலேயே சிறு அளவிற் செய்து பார்த்திருக்கின்றனர். சரத்தை ஓர் உறையிலிட்டு, எழுத்துக்களை ஒருமுறை பிரித்து உறையின் மேல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும் செய்நிரல் அது. விகடகவி அதில் இருபுறமும் ஒன்றாகவே வாசிக்கிறது. சிவகாமசுந்தரி எட்டெழுத்தோடு முழுமையாக நிற்கிறாள். ஆனால் 'பக்ஷி' என்ற சொல் வந்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒருங்குறியின் பொதுவிதி அதிலுள்ள கிரந்த எழுத்தைக் 'க்' என்றும் 'ஷி' என்றும் இரண்டாகப் பிரிக்கும். நெடுங்கணக்கோடு கிரந்த வரிசையையும் சேர்த்துக் கற்றவர்களோ அதை ஒன்றாகவே எண்ணுவர். கணினி ஆசிரியர் தமிழாசிரியரிடம் கேட்கச் சொன்னார்; தமிழாசிரியர், அது தமிழெழுத்தே அன்று, 'பட்சி' என்று எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். மாணவர் இரண்டு விதிகளையும் எழுதி வைத்து, எது வேண்டுமென்று கேட்டுச் செய்யுமாறு அமைத்திருக்கின்றனர்.